பச்சை நூல் சுற்றிய துடுப்பு

கடலூர் முதுநகர்
4.1.2010

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி தேவநாதன் எழுதியது. இங்கே எனக்கு முழங்கால் வலி, வீட்டில் அவளுக்குச் சர்க்கரை. மற்றபடி சுகம். மார்கழிப் பனியில் உனக்கு மூச்சிரைப்பு கூடியிருக்கும். வெந்நீர் குடிக்கிறாயா?

வரும் 31ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை பள்ளிப் பிள்ளைகளுக்கான, இரண்டு பேர் உட்காரும் கயாக் படகுப் பந்தயம். பரங்கிப்பேட்டையில் கிளம்பி, பிச்சாவரம் சுரபுன்னைக் காட்டைச் சுற்றிக்கொண்டு உங்கள் கிள்ளையில் முடிகிறது. இருபத்தாறு கிலோமீட்டர். பட்டியலில் உன் பேத்தி லோகநாயகியின் பெயர் பார்த்தேன். எங்கள் பள்ளியிலிருந்து ஜெயராணி, நஜியா என்று இரண்டு பெண்கள் வருகிறார்கள். நான்தான் பழக்குகிறேன். ஆள் பற்றாக்குறையால் வழியில் மூன்றாம் பாயின்ட்டில் நடுவராகவும் என்னையே போட்டிருக்கிறார்கள். வரும் ஏப்ரல் முப்பதோடு நான் ரிட்டயர். முப்பத்தோரு வருடம் பி.டி. மாஸ்டராக இருந்து ஒரு கப் கூட வாங்கவில்லை என்று ஸ்டாஃப் ரூமில் கேலி செய்கிறார்கள்.

பின்பக்கம் விதிகளை எழுதியிருக்கிறேன். உனக்கு இதெல்லாம் புரியாது. தாளை அப்படியே லோகுவிடம் கொடுத்துவிடு. முக்கியமானது மூன்று. யார் கவிழ்ந்தாலும் நிற்க வேண்டாம், மீட்புப் படகு வரும். வேறு அணியிடமிருந்து துடுப்பு வாங்கும் அணி நீக்கப்படும். படகும் துடுப்பும் பந்தயக் கமிட்டி இரவல் கொடுத்தவை. துடுப்பைத் தொலைக்கிற பிள்ளைக்கு அடுத்த வருடம் படகு கிடையாது.

உன் தம்பி,
தேவநாதன்


கிள்ளை
12.1.2010

தம்பி தேவநாதனுக்கு அக்கா ராமாமிர்தம் எழுதுவது. இங்கே எல்லோரும் இருக்கிறோம். மூச்சிரைப்பு அது பாட்டுக்கு இருக்கிறது. உன் பெண்டாட்டியைப் பாகற்காய் சாப்பிடச் சொல்.

உன் கடிதம் வந்தது. எனக்குப் புரியாது என்று எழுதியிருக்கிறாய். அம்மா செத்தபோது உனக்கு ஒரு வயது. உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு மூன்றாம் கிளாஸோடு நின்றவள் நான். நான் நின்றதால்தான் நீ வாத்தியார். உப்புத் தண்ணீரைப் பற்றி எனக்கு நீ பாடம் எடுக்கிறாயா? 1978இல் உன் கல்யாணத்தில் பெண் வீட்டார் பார்க்கக் கூடாது என்று என்னைச் சமையல்காரிகளோடு உட்காரவைத்துச் சோறு போட்டவன்தானே நீ. மறந்திருப்பாய். எனக்கு இலையில் என்ன என்ன விழுந்தது என்பது வரைக்கும் ஞாபகம் இருக்கிறது.

லோகு நன்றாகத் துடுப்பு போடுகிறாள். அந்தக் கமிட்டித் துடுப்பு வழவழவென்று இருக்கிறது, கை வழுக்குகிறது என்றாள். வலை பின்னுகிற பச்சை நைலான் நூலால் பிடியில் சுற்றிக் கொடுத்திருக்கிறேன். கூட உட்காருகிற பிரிசில்லாவுக்கும் சுற்றட்டுமா என்றால், "வேணாம் ஆயா, எனக்குக் கை கூசும்" என்கிறாள். பொங்கலுக்குப் புதுத்துணி எடுத்துக்கொள்.

அக்கா,
ராமாமிர்தம்


கிள்ளை
3.2.2010

தேவநாதனுக்கு ராமாமிர்தம் எழுதுவது. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? அன்றைக்குப் பரிசு கொடுத்த மேடையில் நன்றாக ஏறினாயே, அதனால் கேட்கிறேன்.

செல்போனில் கூப்பிடலாம். "டவர் கெடைக்கல அக்கா" என்று கட் பண்ணிவிடுவாய். காகிதத்தில் அது நடக்காது.

லோகு என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். மூன்றாம் பாயின்ட்டுக்கு முன்னால், தண்ணீர் வற்றிக் கடலை நோக்கி இழுக்கிற வளைவில் உன் பள்ளிப் படகு கவிழ்ந்தது. லோகுவும் பிரிசில்லாவும் முன்னால் போய்க்கொண்டிருந்தவர்கள். திரும்பி வந்திருக்கிறார்கள். அந்த நஜியாப் பெண் தலையைத் தூக்கி அழுதிருக்கிறாள்.

"என் துடுப்பு போயிடுச்சுடி! தண்ணி இழுத்துக்கினு போயிடுச்சு!"

"கத்தாத. படகப் புடி. பிரிசில்லா, நீ அந்தப் பக்கம் அமுக்கு. ம், இப்ப ஏறுங்க. இந்தா, என்னுத வச்சிக்க."

"அப்ப நீ?"

"எங்க ஊரு தண்ணி இது. கையாலயே தள்ளிக்கினு போயிடுவேன். கரையில குடுத்துடு, எங்க ஆயா சுத்துன நூலு அது, தொலைச்ச, என்னைக் கொன்னுடும்."

உன் படகு இரண்டாவதாக வந்து கப் வாங்கியது. ஒற்றைத் துடுப்போடு எங்கள் பிள்ளைகள் ஒன்பதாவது. மொத்தமே ஒன்பது படகு. அதுகூடப் போகட்டும். கரையில் உன்னிடம் வந்து, "கடலூர் தாத்தா, என் துடுப்பு" என்று கேட்டிருக்கிறாள். "எந்தத் துடுப்பு?" என்று கேட்டாயாம். துடுப்புகளை வேனில் போட்டுப் பூட்டிக்கொண்டு போய்விட்டாயாம்.

இன்றைக்குப் பள்ளியில் லோகுவைக் கூப்பிட்டு, துடுப்பைத் தொலைத்தவள் என்று எழுதி, அணியிலிருந்து பெயரை அடித்துவிட்டார்கள். அவள் நடந்ததைச் சொன்னாள். நடுவர் நோட்டில் அப்படி ஒன்றும் எழுதவில்லையே என்கிறார்கள். நடுவர் நீ. மூன்றாம் பாயின்ட்டில் நின்றவன் நீ. நீ பார்த்ததை எழுதிக் கொடு. வேறெதுவும் எனக்கு வேண்டாம்.

ராமாமிர்தம்


கடலூர் முதுநகர்
20.2.2010

அன்புள்ள அக்காவுக்கு, தேவநாதன் வணக்கம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. பிளஸ் டூ செய்முறைத் தேர்வு வேலை. வீட்டில் அவளுக்குச் சர்க்கரை குறைய வேண்டும் என்று திருவந்திபுரம் கோயிலுக்குப் போய்வந்தோம். உனக்கும் சேர்த்து வேண்டிக்கொண்டேன்.

அன்று வெயில் நேராகக் கண்ணில் அடித்தது. ஒன்பது படகுகள், ஒரே கூச்சல். தூரத்தில் யார் நின்றார், யார் போனார் என்று உறுதியாகச் சொல்வது கஷ்டம். பார்க்காததை எழுத முடியாது அல்லவா? பிள்ளைகள் பதற்றத்தில் ஏதாவது சொல்வார்கள். லோகு சின்னப் பெண், அடுத்தடுத்து வாய்ப்பு வரும். இதைப் பெரிதாக்கினால் நாளை அவளுக்கே கெட்ட பெயர்.

மூச்சிரைப்புக்கு ஒரு நல்ல மருந்து இருக்கிறதாம். விசாரித்து வைக்கிறேன்.

தேவநாதன்


கிள்ளை
26.2.2010

மூன்றாம் பாயின்ட் நடுவருக்கு ராமாமிர்தம் எழுதுவது. உன் கண் எப்படி இருக்கிறது? வெயில் இன்னும் அடிக்கிறதா?

சிதம்பரம் மார்க்கெட்டில் மருமகள் மீனுக்கு விரிக்க வாங்கிவந்த பழைய பேப்பரில் உங்கள் போட்டோ இருந்தது. மீன் வாடையோடு எடுத்து வைத்திருக்கிறேன். நடுவில் நீ, சால்வையோடு. இந்தப் பக்கம் ஜெயராணி, கையில் வெறும் துடுப்பு. அந்தப் பக்கம் நஜியா, அவள் கையில் நூல் சுற்றிய துடுப்பு. ஒரே படகில் ஒன்றுக்கு நூல் இருக்கிறது, ஒன்றுக்கு இல்லை. ஏன் வாத்தியாரே?

கறுப்பு வெள்ளைப் படம்தான். பச்சை தெரியாது. ஆனால் சுற்றின் கடைசியில் மூன்று முடிச்சு வரிசையாக இருக்கிறது, நடு முடிச்சு மட்டும் எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கிறது. இந்தப் பக்கத்தில் அப்படிப் போடுகிறவள் நான் ஒருத்தி. எட்டு வயதில் என் எதிரே உட்கார்ந்து அதைக் கற்றுக்கொண்டவன் நீ ஒருவன். அந்த முடிச்சுப் போட்டுப் போட்டுத்தான் என் ஆள்காட்டி விரலில் பள்ளம் விழுந்தது. அந்தப் பள்ளத்திலிருந்துதான் உன் புத்தகமும் சட்டையும் வந்தன. அது உனக்குத் தெரியாமல் போகுமா? போட்டோ எடுக்கும்போது பக்கத்தில்தானே நின்றாய்?

2004இல் அலை வந்து உன் மாமா போன நாலாம் நாள் வந்தாய். மூக்கில் கர்ச்சீப். "வாடை தாங்கல அக்கா" என்றாய். உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஸ்ரீமுஷ்ணம் தேர் காட்டிய மனிதர் அவர். அன்றைக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்கிறேன்.

எழுதிக் கொடு.

ராமாமிர்தம்


கடலூர் முதுநகர்
15.3.2010

அக்காவுக்கு, நலம், நலம் அறிய ஆவல்.

தேர்வுப் பணியில் இருக்கிறேன், சுருக்கமாக எழுதுகிறேன். காட்டிலாகா ஆள் ஒருவர் சுரபுன்னை வேர்களுக்கு நடுவில் ஒரு துடுப்பைக் கண்டெடுத்தாராம். என் மூலமாக உங்கள் பள்ளிக்கு பஸ்ஸில் கொடுத்தனுப்பியிருக்கிறேன். பொருள் கிடைத்துவிட்டது, பிரச்சினை முடிந்தது. இனி இதைப் பற்றி நாம் எழுதிக்கொள்ள வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தேவநாதன்


கிள்ளை
19.3.2010

தேவநாதனுக்கு,

உடம்பைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். இதைப் படித்துவிட்டு நீயும் பார்த்துக்கொள்.

துடுப்பு வந்தது. லோகு பள்ளியில் கெஞ்சி ஒரு மணி நேரம் வீட்டுக்கு எடுத்துவந்து காட்டினாள். நூலைக் காணோம். ஒன்றரை மாதம் சேற்றில் கிடந்த துடுப்பில் ஒரு பாசி இல்லை, ஒரு சிப்பி ஒட்டவில்லை. ஆனால் பிடி முழுக்கப் பிளேடு கீறல். காட்டிலாகாக்காரர் தினமும் ஷேவ் பண்ணிவிட்டாரா அதற்கு?

நீ என்ன செய்திருக்கிறாய் என்று உனக்குப் புரிகிறதா? கிடைத்தது என்று நீ எழுதியதால், தொலைத்தது நிஜம் என்று ஆகிவிட்டது. ஹெட்மாஸ்டர் லோகுவிடம் சொல்கிறார்: "பாத்தியாம்மா, உங்க தாத்தாவே தேடி அனுப்பியிருக்காரு. நீ ஏன் பொய் சொன்ன?" துடுப்பைத் தொலைத்தவள் என்றுதான் இதுவரை சொன்னார்கள். இப்போது பொய்க்காரி.

அவள் அழவில்லை. அழுதால் எனக்குத் தேவலை. சாயங்காலம் படகுகளைத் தண்ணீரில் இறக்குகிற நேரத்துக்குப் போய்த் தூரமாக நின்று பார்த்துவிட்டு வருகிறாள். அவள் இடத்தில் வேறொரு பிள்ளை உட்கார்ந்திருக்கிறது. வந்து, "ஆயா, அவ இடுப்ப வளைக்கவே மாட்டேங்குறா" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் படுக்கிறாள். ஒன்பதாம் கிளாஸ் பிள்ளை. அடுத்த பந்தயத்துக்கு இன்னும் பத்து மாதம் இருக்கிறது. அதற்குள் அவளை அந்தப் படகில் உட்காரவை. இல்லையென்றால் நான் செத்தால்கூட நீ வரவேண்டாம். நாலாம் நாளும் வரவேண்டாம்.

ராமாமிர்தம்


கடலூர் முதுநகர்
2.4.2010

அக்கா,

எல்லோரும் நலம்.

உன் கடிதங்களில் 1978 இருக்கிறது, 2004 இருக்கிறது. ஒரு தேதி மட்டும் இல்லை. ஜனவரி நாலாம் தேதி நான் உனக்கு எழுதினேன். பின்பக்கம் விதிகள் இருந்தன. கவிழ்ந்தால் நிற்காதே, துடுப்பைத் தொலைத்தால் அடுத்த வருடம் படகு இல்லை என்று முன்பக்கத்திலும் எழுதியிருந்தேன். கரையில் லோகு என்னிடம் துடுப்பு கேட்டபோது, அவள் முகத்தில் விதி தெரிந்த பிள்ளையின் பயமே இல்லை. இரவல் கொடுத்த பொருளைத் திருப்பிக் கேட்பதுபோல்தான் கேட்டாள்.

அந்தத் தாளை அவளிடம் கொடுத்தாயா?

குற்றம் சொல்லவில்லை. கேட்கிறேன்.

தேவநாதன்


கிள்ளை
22.4.2010

தேவநாதனுக்கு,

ஒரு வாரத்தில் பதில் போடுகிறவள் இருபது நாள் எடுத்துக்கொண்டேன். வாயடைத்துவிட்டேன் என்று நினைத்திருப்பாய். அடைத்துத்தான் இருந்தது.

கொடுக்கவில்லை.

உனக்குப் புரியாது என்று எழுதியிருந்தாயே, அந்த வரியோடு நிறுத்திவிட்டேன். அதற்குக் கீழே படிக்கவும் இல்லை, தாளைத் திருப்பவும் இல்லை. எனக்குப் புரியாதது என் வீட்டுப் பிள்ளைக்கும் வேண்டாம் என்று டிரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டினேன். அந்தப் பெட்டியில் உன் கடிதம் எல்லாம் இருக்கிறது, நீ என்னை எங்கே எங்கே குத்தினாய் என்று பார்த்துக்கொள்ள. அதில் இதுவும் ஒன்று என்று வைத்தேன். பிப்ரவரியில் லோகு பெயரை அடித்த அன்றைக்குத்தான் திருப்பிப் படித்தேன். படித்துவிட்டு உன்மேல் பாய்ந்தேன். என்மேல் பாய என்னால் முடியவில்லை.

முந்தாநாள் அதை எடுத்து லோகுவிடம் கொடுத்தேன். இரண்டு பக்கமும் படித்தாள். "இது எப்ப வந்துச்சு ஆயா?" என்றாள். பொங்கலுக்கு முன்னால் என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, என் மாமியார்கூட அப்படிப் பார்த்ததில்லை. நேற்று மீன் கழுவிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றாள்.

"ஆயா, நீ குடுத்திருந்தாலும் நான் நின்னுருப்பேன்."

"படகு கெடைக்காதுன்னு தெரிஞ்சுமாடி?"

"தண்ணியில ஒருத்தி கெடக்குறா. அலை வந்தன்னைக்கு எனக்கு ஒருத்தர் துடுப்ப நீட்டினாரே, அதப் புடிச்சித்தான ஏறினேன். அவரு யாருன்னு இன்னிக்கி வரைக்கும் தெரியாது. அவரு நோட்டீஸ் படிச்சிட்டா நீட்டினாரு?"

அப்புறம் இன்னொன்றும் சொன்னாள். "ஆனா நிக்கிறதா வேணாமான்னு சொல்ல வேண்டியது நானு. எனக்குப் பதிலா நீ பெட்டியில பூட்டினது தப்பு." ஆமாம் என்றேன். இந்த வயதில் ஒன்பதாம் கிளாஸ் பிள்ளைக்கு முன்னால் ஆமாம் என்று நின்றேன்.

என்னுடையதை நான் சொல்லிவிட்டேன். மூன்றாம் கிளாஸ் படித்தவள் சொல்லிவிட்டேன். உன்னுடையது பாக்கி. நீ ரிட்டயர் ஆவதற்கு எட்டு நாள் இருக்கிறது. ஆன பிறகு சொன்னால் அது எனக்கு வேண்டாம். அப்போது நீ இழக்க ஒன்றும் இருக்காது.

ராமாமிர்தம்


கடலூர் முதுநகர்
3.5.2010

அன்புள்ள அக்காவுக்கு,

வீட்டில் அவள் என்னோடு பேசவில்லை. சர்க்கரை இருநூற்றெண்பது. முழங்கால் பரவாயில்லை.

முப்பதாம் தேதி பிரிவு உபசார விழா. சால்வை போட்டார்கள். மேசையில் அந்தக் கப்பையும் வைத்திருந்தார்கள். தேவநாதன் சாரின் முப்பத்தோரு வருட உழைப்பு என்று அதைக் காட்டி ஒவ்வொருவரும் பேசினார்கள். என் முறை வந்தது. எழுதி வைத்திருந்த நன்றியுரையை எடுக்கவில்லை.

எங்கள் படகு கவிழ்ந்ததைப் பார்த்தேன் என்றேன். என் வாயிலிருந்து விசில் விழுந்துவிட்டது, கிள்ளைப் பெண்கள் திரும்பி வந்தார்கள், ஒருத்தி தன் துடுப்பைக் கொடுத்தாள், நோட்டில் 'சம்பவம் எதுவும் இல்லை' என்று நான் எழுதினேன், பிள்ளைகளிடம் வாயைத் திறக்கக் கூடாது என்று சொன்னேன் என்றேன். வெயில் கண்ணில் அடிக்கவில்லை அக்கா. பின்னால்தான் இருந்தது.

ஹெட்மாஸ்டர் மைக்கைக் கையால் மூடி, "சார், இன்னைக்கு எதுக்கு சார் இதெல்லாம்?" என்றார். மாணவிகள் வரிசையில் நஜியா எழுந்து நின்றாள். "சார் சொல்றது நிஜம்தான் சார். அந்தத் துடுப்பு எனக்குத்தான் குடுத்தா." ஜெயராணி அவள் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். அவள் உட்காரவில்லை. அந்தப் பெண் மூன்று மாதமாக என்னைக் கண்டால் வேறு பக்கம் திரும்பிப் போனது ஏன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பள்ளி வாசல்வரை வந்து ஆட்டோ ஏற்றிவிடுவது வழக்கம். யாரும் வரவில்லை. நடந்தே வந்தேன்.

கமிட்டிக்குக் கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுத்துவிட்டேன். எங்கள் இரண்டாம் இடம் ரத்து. லோகுவின் பெயரைத் திரும்பச் சேர்க்கும்படி உங்கள் பள்ளிக்குக் கடிதம் போயிருக்கிறது. அதன் நகலும், நான் அறுத்த நூலும் இத்துடன் இருக்கின்றன. தூக்கிப் போட மனம் வரவில்லை, மேசை டிராயரிலேயே இருந்தது.

மன்னித்துவிடு என்று லோகுவிடம் சொல். உன்னிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

தேவநாதன்


கிள்ளை
9.5.2010

தம்பி தேவநாதனுக்கு அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் சாப்பிடுகிறோம், லோகுவும் சாப்பிடுகிறாள். மூச்சிரைப்பு இருக்கிறது. உன் பெண்டாட்டியிடம் நான் விசாரித்ததாகச் சொல். பேசவில்லை என்றால் ஒரு தாளில் எழுதிக் காட்டு.

வெள்ளிக்கிழமை ஹெட்மாஸ்டர் கூப்பிட்டு லோகுவின் பெயரை மறுபடி எழுதினார். பொய்க்காரி என்றதற்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதை நான் ஞாபகம் வைத்திருக்கிறேன். சனிக்கிழமை தண்ணீரில் இறங்கினாள். பிரிசில்லா முன்னால், இவள் பின்னால். மூன்று மாதம் துடுப்பு பிடிக்காததில் உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. "எரியுதா?" என்றேன். "எரியட்டும் ஆயா" என்றாள்.

உன் மன்னிப்பை அவளிடம் சொன்னேன். "தாத்தாவே வந்து சொல்லட்டும்" என்றுவிட்டாள். என்னிடம் கேட்க வாய் வரவில்லை என்று எழுதியிருக்கிறாய். நல்லதாகப் போயிற்று. கேட்டிருந்தால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். சமையல்காரிகளோடு உட்காரவைத்தது, கர்ச்சீப், "எந்தத் துடுப்பு?" எல்லாம் அப்படி அப்படியே இருக்கிறது. எதையும் நான் அழிக்கவில்லை. கூடவே முப்பதாம் தேதியையும் எழுதிக்கொண்டேன். அவ்வளவுதான்.

நூல் வந்தது. பிரித்துப் பார்த்ததும்தான் எனக்கு நிஜமாகக் கோபம் வந்தது. துண்டு துண்டாக அறுத்திருக்கிறாயே பாவி, அந்த முடிச்சை அறுக்கவே வேண்டாமே! நடு முடிச்சை மட்டும் எதிர்ப்பக்கம் போடுவது எதற்கு? அதைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தால் மொத்தச் சுற்றும் கையோடு வந்துவிடும். பிளேடு எதற்கு? எட்டு வயதில் நூறு தடவை இழுத்து இழுத்துச் சிரித்தாயே, அதுகூடவா மறந்துபோயிற்று?

துடுப்பின் பிடி வெறுமனே இருக்கிறது. உன் பிளேடு கீறல் லோகுவின் கையைக் கிழிக்கிறது. சுற்றித் தா ஆயா என்றாள். முடியாது என்றேன். கெடுத்தவன் வந்து சுற்றட்டும். புது நூல் கண்டு வாங்கி வைத்திருக்கிறேன், பச்சைதான். சிதம்பரத்தில் இறங்கிக் கிள்ளை பஸ் பிடி. எதிரே உட்காருவேன், சொல்லித் தரமாட்டேன். தப்பாகச் சுற்றினால் அவிழ்த்துப் போடுவேன். சரியாக வருகிறவரைக்கும் உனக்குச் சோறு கிடையாது.

அக்கா,
ராமாமிர்தம்